முற்றத்து வெய்யிலும் இரவு நித்திரையும்: கூம்புச் சுரப்பியைப் புதிதாக அறிய வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர உயிரியல் வகுப்பில் ஓமோன்கள் பாடத்தைத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "சேர், கூம்புச் சுரப்பிதானே நெற்றிக்கண்?" அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் தட்டிக்கழித்ததில்லை. வேலியில் வெய்யில் காயும் ஓணானின் உச்சந்தலையை அருகிலிருந்து உற்றுப் பார்த்தால், செதில்களுக்கு நடுவே ஒரு சிறு புள்ளி தெரியும். அது ஒளியை உணரும் உறுப்பு. கூம்புச் சுரப்பிக்கு நெருங்கிய உறவு. மீன்களிலும் தவளைகளிலும் அந்தச் சுரப்பியே மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை நேரடியாக உணர்கிறது. மனிதரில் அந்தத் திறன் மறைந்துவிட்டது. எங்கள் சுரப்பி மூளையின் நடுவே, வெளிச்சம் எட்டாத இடத்தில் இருக்கிறது. வெளியே பகலா இரவா என்று கண்கள்தான் அதற்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

வகுப்பு முடிந்தபின் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. "பிள்ளை சாமம் ஒரு மணியானாலும் நித்திரை கொள்வதில்லை. காலையில் எழுப்பவும் முடியவில்லை. ஓமோன் குறைவோ? மாத்திரை ஏதும் கொடுக்கலாமோ?" நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். நித்திரையைச் சரிசெய்யும் வேலையை இரவில் தொடங்காதீர்கள், காலையில் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தில் வாழ்பவருக்கு அதற்கு வேண்டியது முற்றத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஏன் அப்படி, எப்படிச் செய்வது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

சுரப்பி செய்யும் வேலை

கூம்புச் சுரப்பியைப் பீனியல் சுரப்பி என்றும் சொல்வார்கள். நீளம் 5 முதல் 8 மில்லிமீற்றர். ஒரு பெரிய அரிசி மணியளவு. பைன் மரத்துக் கூம்பின் வடிவம் என்பதால் அந்தப் பெயர். பைன் மரத்தைப் பார்க்காதவர்கள், காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் சவுக்கு மரங்களின் கீழே உதிர்ந்து கிடக்கும் காய்களை நினைத்துக்கொள்ளலாம். சுரப்பி அதைவிடவும் சிறியது.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் இதை ஆன்மாவின் இருக்கை என்றார். மூளையில் ஏறத்தாழ எல்லாம் இரட்டையாக இருக்க, இது ஒன்றே ஒன்றாக நடுவில் இருந்தது அவரைக் கவர்ந்தது. சுரப்பியின் உண்மையான வேலை தெரியவர மேலும் 300 ஆண்டுகள் சென்றன. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல்நோய் வைத்தியரான ஆரன் லேர்னரும் அவருடைய குழுவினரும் மாடுகளின் கூம்புச் சுரப்பிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நித்திரைக்கு மருந்து தேடி அவர்கள் அந்த வேலையில் இறங்கவில்லை. சுரப்பியின் சாறு தவளைத் தோலை வெளிறச் செய்தது. அதனால் தோலின் நிறமாற்ற நோய்களுக்கு ஒரு வழி கிடைக்குமோ என்று பார்த்தார்கள். கிடைத்த பொருளுக்கு மெலற்றோனின் என்று பெயரிட்டார்கள்.

இனி வருவதை நிதானமாக வாசியுங்கள். பின்னால் வரும் படிகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. உங்கள் விழித்திரையில் உருவங்களைப் பார்க்கும் கலங்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளக்கும் சில நரம்புக் கலங்களும் உண்டு. நீல வெளிச்சத்துக்கு அவை கூடுதலாகத் துலங்கும். அவை அனுப்பும் செய்தி, ஐப்போதலமஸ் என்னும் மூளைப் பகுதியில் உள்ள உடற்கடிகாரத்துக்குப் போகிறது. அங்கிருந்து முள்ளந்தண்டு வழியாக நெஞ்சு மட்டத்துக்கு இறங்கி, கழுத்தில் உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்கு ஏறி, பின்னர்தான் கூம்புச் சுரப்பியை அடைகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி வருவதுபோன்ற பாதை. கழுத்திலிருந்து வரும் அந்த நரம்பு இரவில் மட்டும் சுரப்பியைத் தூண்டும். தூண்டப்பட்ட சுரப்பி, செரற்றோனின் என்னும் பொருளை மெலற்றோனினாக மாற்றிக் குருதியில் விடும்.

சுரப்பி மெலற்றோனினைச் சேமித்து வைப்பதில்லை. ஆக்கியதை அப்போதே விட்டுவிடுகிறது. குருதியில் உள்ளதும் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். ஆகையால் நடு இரவில் கடும் வெளிச்சம் கண்ணில் பட்டால் அளவு விரைவாகச் சரியும். வழக்கமாக நித்திரை கொள்ளும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே அளவு ஏறத் தொடங்குகிறது. அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் உச்சம் தொட்டு, விடியும்போது இறங்கிவிடுகிறது.

மெலற்றோனின் நித்திரை ஓமோன் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவில் விழித்து இரைதேடும் எலிக்கும் மெலற்றோனின் இரவில்தான் ஏறுகிறது. அது உடலுக்குச் சொல்வது "இப்போது இரவு" என்பதை மட்டுமே. அந்தச் செய்தியைக் கேட்டு என்ன செய்வது என்பது அந்தந்த உயிரைப் பொறுத்தது. மனித உடல் அதைக் கேட்டு ஓய்வுக்கு ஆயத்தமாகிறது.

படி 1: இரண்டு வாரம் கொப்பியில் எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழைய கொப்பி ஒன்று போதும், விலையுயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை. விளக்கை அணைத்த நேரம், நித்திரை வந்ததாக நீங்கள் நினைக்கும் நேரம், இடையில் எழுந்த தடவைகள், காலையில் கண்விழித்த நேரம், பகலில் கண்ணயர்ந்தது, கடைசியாகத் தேத்தண்ணீர் குடித்த நேரம், அன்று முதன்முதல் வெளியே வெய்யிலில் நின்ற நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மறக்கவேண்டாம்.

விடுமுறை நாளில் யாரும் எழுப்பாமல், மணி வைக்காமல் எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள் என்பதைத் தனியாக அடிக்கோடிட்டு வையுங்கள். வேலைநாளில் 5.30க்கும் ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்கும் எழுபவருடைய உடற்கடிகாரம் வாரம் முழுவதும் பிந்தியே ஓடிக்கொண்டிருக்கிறது.

படி 2: விழித்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வாருங்கள்

ஒரேயொரு படியைத்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். சராசரியாகப் பத்து நிமிடமளவு கூட. நாள்தோறும் யாராவது திருத்தாவிட்டால் அது பிந்திக்கொண்டே போகும். திருத்துவது காலை வெளிச்சம். விடியற்புறத்திலும் காலையிலும் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது, அன்றிரவு மெலற்றோனின் நேரத்தோடு ஏறுகிறது. இரவில் படும் வெளிச்சம் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விழித்திரையிலிருந்து வெளிச்சச் செய்தியே போகாத பார்வையற்றவர்கள் பலருக்கு, நித்திரை நேரம் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நகர்ந்து, சில வாரங்களில் பகலும் இரவும் இடம் மாறிவிடுவதுண்டு. இந்தத் திருத்தம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்வதால் எங்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. குழல் விளக்கு எரியும் அறையில் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். மாரி காலத்து மப்பும் மந்தாரமுமான காலையில்கூட முற்றத்தில் சில ஆயிரம் லக்ஸ் உண்டு. மதிய வெய்யிலில் அது ஒரு இலட்சத்தைத் தொடும்.

எங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஆனியில் சூரியன் 5.50 அளவில் உதிக்கிறது, மார்கழியில் 6.20 அளவில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்களுக்கு அது ஆறு மணி நேரத்துக்கும் மேல். மாரிகாலத்தில் அவர்கள் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புகிறார்கள். எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீரான விடியல் கிடைக்கிறது. அதை யன்னல் சீலையால் மறைத்துவிட்டு நித்திரை வரவில்லை என்று வருந்துவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

1996இல் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததும், சில மாதங்களில் அரை மணி நேரம் திருப்பியதும், 2006இல் மீண்டும் பழைய நேரத்துக்கே வந்ததும் வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கோழிகள் அந்த அறிவித்தல்களைக் கேட்கவில்லை. உங்கள் கூம்புச் சுரப்பியும் கேட்டிருக்காது. அது சூரியனை மட்டும் கேட்டது.

செய்யவேண்டியது எளிது. விழித்து ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் திறந்த வெளியில் இருங்கள். முற்றம் கூட்டலாம், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடலாம், கிணற்றடியில் பல் துலக்கலாம், கோயிலுக்கு நடந்து போகலாம், சைக்கிளில் வேலைக்குப் போகலாம். வெய்யில் உடம்பில் சுடவேண்டியதில்லை. மாமர நிழலும் விறாந்தைக் கதிரையும் போதும், வானம் தெரிந்தால் சரி. சூரியனை நேராக உற்றுப் பார்க்கவே கூடாது. காலைச் சூரியன்தானே என்று பார்ப்பவர்களும் விழித்திரையைச் சுட்டுக்கொள்வார்கள். சுரப்பிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

எழும் நேரத்தை வாரத்தின் ஏழு நாளும் ஒன்றாக வைத்திருங்கள். இரவு பிந்திப் படுத்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுங்கள். படுக்கும் நேரத்தை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய கதிரையை இன்றைக்கே விறாந்தைக்கு மாற்றுங்கள். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து நீல வெளிச்சத்தைத் தடுக்கிறது. மெலற்றோனின் சுரப்பும் பொதுவாகக் குறைகிறது. அம்மம்மா பகல் முழுவதும் உள்ளறையில் கண்ணயர்ந்து, இரவு முழுவதும் விழித்திருந்து கூப்பிடுகிறாரென்றால், முதலில் அவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

படி 3: இரவை இரவாக்குங்கள்

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 116 பேரைப் படுக்கைக்கு முந்திய எட்டு மணி நேரம் சாதாரண அறை வெளிச்சத்தில் இருத்தினார்கள். 200 லக்ஸுக்கும் குறைந்த வெளிச்சம்தான். மங்கல் வெளிச்சத்தில் இருந்தபோது மெலற்றோனின் சுரந்த நேரத்தோடு ஒப்பிட்டால், அறை வெளிச்சத்தில் அது ஏறத்தாழ 90 நிமிடம் குறுகிவிட்டது. எங்கள் வீடுகளில் இரவு பத்து மணிவரை எரியும் வெள்ளைக் குழல் விளக்கு செய்வதும் இதைத்தான். பிள்ளைகளின் கண்மணி பெரியது, கண்வில்லை தெளிவானது. ஆகவே அவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கூட.

படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கூரையில் உள்ள வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் சிறு மின்குமிழ் ஒன்றைத் தாழ்வான இடத்தில் எரியவிடுங்கள். வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 6500 என்றிருந்தால் அது பகல் வெளிச்சத்தின் சாயல் உள்ளது, படுக்கையறைக்கு வேண்டாம். இரவில் மலசலகூடம் போகும் வழிக்கு மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கை நிலமட்டத்தில் வையுங்கள். வயதானவர்கள் விழுந்துவிடாமல் இருப்பது மெலற்றோனினைவிட முக்கியம், ஆகவே முழு இருட்டு வேண்டாம்.

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் நான் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி, எழுத்து மட்டும் தெரியுமளவு வெளிச்சம். ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தருவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். எங்கள் கொப்பியின்மேல் விழுந்தது அதிலிருந்து வெகுதூரமில்லை. அந்த இருட்டு சுரப்பிக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த இரவுகளை நல்லவையென்று நான் சொல்லமாட்டேன். பதுங்குகுழியில் யாருக்கு நித்திரை வந்தது? பயம் வந்தால் எந்த ஓமோனும் நித்திரையைக் காப்பாற்றாது. இன்றுவரை சாமத்தில் திடுக்கிட்டு எழுபவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படிகள் மட்டும் போதாது. மனநல வைத்தியரின் துணையும் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது கைத்தொலைபேசி. அதன் நீல வெளிச்சத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த கைத்தொலைபேசியைவிடக் கூரையில் எரியும் விளக்கே கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தருகிறது. கைத்தொலைபேசியின் பெரிய தீங்கு, அதில் வருவதைப் பார்க்கப் பார்க்க மனம் விழித்துக்கொண்டே போவதுதான். நிறத்தை மஞ்சளாக மாற்றிவிட்டு ஒரு மணிவரை பார்த்தால் ஒன்றும் மாறாது. படுக்கையறைக்கு வெளியே மின்னேற்ற வையுங்கள்.

எங்கள் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது: வெளிநாட்டு அழைப்புகள். லண்டனில் ஒருவர் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு எடுத்தால், இங்கே கோடையில் இரவு 10.30, மாரியில் 11.30. ரொறன்ரோவில் மதியச் சாப்பாட்டு இடைவேளையென்றால் இங்கே 9.30 அல்லது 10.30. அண்ணன் கேட்கிறான், அக்கா அழுகிறாள், எப்படி வைக்கிறது என்று அம்மாக்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. உறவைக் குறைக்கவேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ரொறன்ரோவில் இரவு 9 மணி இங்கே காலை 6.30 அல்லது 7.30. முற்றத்தில் நடந்தபடியே பேசலாம். காலை வெளிச்சமும் கிடைத்துவிடும். லண்டன்காரர்களைச் சனி ஞாயிறு தங்கள் மதியத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். என் தாயாருக்கு இந்த ஒரு மாற்றத்தைச் செய்த இரண்டாம் வாரமே நித்திரை முன்னுக்கு வந்தது.

படி 4: தேத்தண்ணீரும் இரவுச் சாப்பாடும்

கஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த சாயம் கூடிய தேத்தண்ணீரின் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். இரண்டு மணிக்குப் பின் வேண்டாம். விருந்தினர் வந்தால் இஞ்சித் தண்ணீரோ மல்லித் தண்ணீரோ கொடுக்கலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

மெலற்றோனின் ஏறிய நேரத்தில் கணையம் இன்சுலினைச் சுரப்பது மந்தமாகிறது. ஆகவே பத்து மணிக்குச் சாப்பிடும் அதே புட்டு, ஏழு மணிக்குச் சாப்பிட்டால் ஏற்றுவதைவிடக் குருதியில் வெல்லத்தின் அளவைக் கூடுதலாக ஏற்றலாம். நீரிழிவு உள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடிப்பது நல்லது.

படி 5: படுக்கை

நித்திரை வர உடலின் உள்வெப்பம் சற்று இறங்கவேண்டும். பங்குனி, சித்திரையில் எங்கள் அறைகள் இரவிலும் வெந்துகொண்டிருக்கும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன் குளித்து, யன்னலைத் திறந்து, நுளம்பு வலைக்குள் மின்விசிறிக் காற்று வரும்படி படுங்கள். இருபது நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழுந்து, மங்கல் வெளிச்சத்தில் இருந்து, கண் சொருகும்போது திரும்புங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கையைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடும். மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது.

மற்ற ஓமோன்களோடு உள்ள தொடர்பு

இங்கேதான் பொய்யும் மெய்யும் கலந்து பரவுகிறது, ஆகவே பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தவை இவை. வளர்ச்சி ஓமோனின் பெரும்பகுதி இரவின் முதற்பாதியில், ஆழ்ந்த நித்திரையில் சுரக்கிறது. உடலை எழுப்பும் கோர்ட்டிசோல் விடியற்புறத்தில் ஏறி, விழித்து அரைமணி நேரமளவில் உச்சம் தொடுகிறது. நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, போதுமென்று சொல்லும் லெப்ரின் குறைகிறது. இன்சுலினுக்கு உடல் செவிகொடுப்பதும் குறைகிறது. இவையெல்லாவற்றுக்கும் நேரத்தைச் சொல்வது அதே உடற்கடிகாரம். கூம்புச் சுரப்பி அந்தக் கடிகாரத்தின் குரல்.

ஆடுகளில் இனப்பெருக்கக் காலத்தைத் தீர்மானிப்பது மெலற்றோனின். இரவு நீளும்போது அது நீண்ட நேரம் சுரக்க, உடல் பருவத்தை அறிகிறது. மனிதரில் அப்படிப்பட்ட பலமான தொடர்பு கிடையாது. மாதவிடாய் குழம்புவதற்கும் முடி கொட்டுவதற்கும் உடல் பருப்பதற்கும் கூம்புச் சுரப்பியைக் குற்றம் சொல்லி, தைரொயிட் பரிசோதனையைத் தள்ளிப்போடவேண்டாம். ஒரு குருதிப் பரிசோதனையில் தெரியவேண்டியதை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுரப்பியில் சுண்ணாம்பு படிந்துவிட்டது, அதைக் கரைக்கவேண்டும் என்று சொல்லித் தூள்களும் எண்ணெய்களும் விற்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவதால் இந்தப் பேச்சு இங்கே எளிதாக எடுபடுகிறது. வளர்ந்தவர்கள் பலரின் கூம்புச் சுரப்பியில் கல்சியம் படிந்திருப்பது உலகெங்கும் காணப்படுவது. மூளையின் மணல் என்ற பெயரும் அதற்கு உண்டு. தலையின் ஸ்கான் படத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் அது நோயாகாது. அதைக் கரைக்கும் மருந்து எதுவும் நிரூபிக்கப்படவில்லை. காசைக் கொடுக்காதீர்கள்.

மெலற்றோனின் மாத்திரை

பயணத்தால் குழம்பிய நித்திரைக்கும், கடிகாரம் மிகவும் பிந்திப்போனவர்களுக்கும், சில பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளிலும் வைத்தியர்கள் இதைக் கொடுப்பதுண்டு. பொதுவான நித்திரையின்மைக்கு அதன் உதவி சிறிது. நித்திரை சில நிமிடங்கள் முன்னதாக வரும். கூடுதலாக விழுங்கினால் கூடுதல் நித்திரை வராது. எந்த நேரத்தில் எடுப்பது என்பதுதான் அளவைவிட முக்கியம். பிழையான நேரத்தில் எடுத்தால் கடிகாரம் எதிர்த்திசையில் நகரும். குருதி உறையாமலிருக்க வாபரின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் தாங்களாக இதைத் தொடவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பையில் கொண்டுவந்து கொடுக்கும் போத்தல்களும் இதில் அடங்கும்.

குருதியமுக்கத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அற்றனலோல், புரொப்ரனலோல் போன்ற மாத்திரைகள் கூம்புச் சுரப்பிக்கு இரவில் வரும் நரம்புத் தூண்டலை மறிப்பதால் மெலற்றோனினைக் குறைக்கலாம். அவற்றை எடுக்கத் தொடங்கியபின் நித்திரை கெட்டிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

எப்போது வைத்தியரைப் பார்ப்பது

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாக நித்திரை கெட்டிருந்தால் போங்கள். பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறுபவரை உடனே கூட்டிப்போங்கள். அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம், குருதியமுக்கத்தையும் ஏற்றும். விடாத தலையிடி, வாந்தி, இரட்டைப் பார்வை, கண்ணை மேலே உயர்த்த முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது அவசரம். கூம்புச் சுரப்பிப் பகுதியில் வரும் கட்டிகள் மிக அரிது, ஆனால் அவை இப்படித்தான் தெரியவரும். பெண்பிள்ளை எட்டு வயதுக்கு முன்னும் ஆண்பிள்ளை ஒன்பது வயதுக்கு முன்னும் பருவமடையும் அறிகுறிகளைக் காட்டினாலும் வைத்தியரிடம் கூட்டிப்போகவேண்டும். முதல் படியில் எழுதிய கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் வைத்தியருக்கு அதைவிட உதவுவது வேறில்லை.

சிலருக்கு மட்டும்

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள்: பருவ வயதில் மெலற்றோனின் ஏறும் நேரம் இயல்பாகவே ஒன்று இரண்டு மணி நேரம் பிந்துகிறது. பதினொரு மணிக்கு நித்திரை வராதது சோம்பலுமல்ல, அடங்காமையுமல்ல. காலை ஆறு மணி ரியூசனுக்கு எழுப்பவேண்டியிருந்தால், இரவில் குழல் விளக்கை அணைத்து மேசை விளக்கை மட்டும் வையுங்கள். சைக்கிளில் போகவிடுங்கள். ஞாயிறு மதியம்வரை படுக்கவிடாதீர்கள், பின்னேரம் இருபது நிமிடம் கண்ணயரவிடுங்கள். சாமம் இரண்டு மணிவரை படித்தது மனதில் நிற்பதற்கும் நித்திரைதான் வேண்டும்.

கைக்குழந்தையின் தாய்: பிறந்து ஏறத்தாழ மூன்று மாதம்வரை குழந்தைக்குச் சொந்தமாக மெலற்றோனின் ஒழுங்கு இல்லை. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலற்றோனின் உண்டு, பகல் பாலில் மிகமிகக் குறைவு. பாலை எடுத்து வைத்துக் கொடுப்பவர்கள் போத்தலில் நேரத்தை எழுதி, இரவுப் பாலை இரவிலேயே கொடுங்கள். சாமத்தில் பாலூட்டும்போது பெரிய விளக்கைப் போடவேண்டாம்.

இரவில் கடலுக்குப் போகிறவர்கள், இரவு வேலை செய்யும் தாதியர்கள்: நீங்கள் உடலுக்கு எதிராக உழைக்கிறீர்கள், அதன் சுமை உண்மையானது. பகல் நித்திரைக்கு யன்னலைக் கறுப்புத் துணியால் முழுவதும் மறையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே மணி நேரத்தில் படுங்கள். வீட்டார் அந்த நேரத்தில் அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவைக்கவேண்டும். இதை அவர்களிடம் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்கள்: உங்களுக்கு மட்டும் நான் மேலே சொன்னதற்கு மாறாகச் சொல்கிறேன். வந்திறங்கும் நாளில் உங்கள் உடற்கடிகாரம் இன்னும் ரொறன்ரோவில் இருக்கிறது. இங்கே காலை எட்டு மணி அங்கே முந்திய நாள் இரவு 10.30, அந்த நேரத்தில் படும் வெய்யில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். முதல் இரண்டு நாளும் காலையில் நிழலில், கறுப்புக் கண்ணாடியோடு இருங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பின் வெளியே வந்து வெளிச்சத்தில் நடமாடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வெளியே வரும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரமளவு முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பொதுவாக உடற்கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரமளவுதான் நகரும். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்துக்கு ஒன்பது பத்து நாள் பிடிக்கும். திருவிழா 25 நாள். தேர் பார்க்க விடியற்புறத்தில் தானாகக் கண்விழிக்க விரும்பினால், தேருக்குப் பத்து நாளாவது முன்பே வந்து சேருங்கள்.